ஷட் டவுன் செய்தாலும் சூடு தணியாத இயந்திரம்: அணுசக்தியை அறிந்து கொள்வோம்

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். கேபினெட்டுக்குள் சிறிய விசிறி சுழலும் சத்தம் கேட்கிறது. மானிட்டரில் வெளிச்சம் வருகிறது. இதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டிலிருந்து என்பது பாதி பதில்தான். நிலக்கரி, அணை நீர், காற்றாலை, சூரிய ஒளி, அணு உலை எனப் பல இடங்களில் உற்பத்தியாகும் மின்சாரம் 'கிரிட்' எனப்படும் ஒரே வலைப்பின்னலில் கலந்து நம் வீட்டுக்கு வருகிறது. கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் இணைந்திருப்பது போலத்தான் இதுவும்.

இந்தியாவில் உற்பத்தியாகும் மொத்த மின்சாரத்தில் அணுமின் நிலையங்களின் பங்கு சுமார் 3 சதவீதம். தமிழ்நாட்டில் கல்பாக்கம், கூடங்குளம் என இரண்டு இடங்களில் அணுமின் நிலையங்கள் உள்ளன. கல்பாக்கம் சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கல்பாக்கம் வந்துவிடும்.

அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இண்டர்நெட் இணைப்பு, பிரிண்டர் என்று ஏதாவது உதவி செய்யப் போவது என் வழக்கம். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தமக்கு வந்த இ-மெயில் ஒன்றைக் காட்டி, "தம்பி, கல்பாக்கத்துல ஏதாவது ஒண்ணுன்னா அது அணுகுண்டு மாதிரி வெடிக்குமாமே, நிஜமா?" என்று கேட்டார். "அப்படி வெடிக்காது சார்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த வரி உண்மைதான் என்றாலும் அது மட்டும் போதாது. அணு உலையின் உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்துகொண்டால், வீண் பயமும் வராது, வீண் தைரியமும் வராது. அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பௌதிகம் படித்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கம்ப்யூட்டரில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அணுசக்தி என்றால் என்ன?

எந்தப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் மிகச் சிறிய அணுக்கரு இருக்கிறது. அதைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. விறகு, கேஸ், நிலக்கரி எதை எரித்தாலும் வெளியே இருக்கும் எலக்ட்ரான்கள்தான் இடம் மாறுகின்றன. அணுக்கரு அப்படியே இருக்கும். கார்பன் அணு எரிந்த பிறகும் கார்பன் அணுதான். ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன்-டை-ஆக்சைடாக மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அணுசக்தி என்பது அணுக்கருவையே மாற்றிப் பெறும் சக்தி. ஆகவே அதை 'அணுக்கரு ஆற்றல்' என்று சொல்வதுதான் இன்னும் சரி. யுரேனியம்-235 என்ற அணுவின் கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அது இரண்டு சிறிய அணுக்கருக்களாகப் பிளக்கிறது. கூடவே இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் தெறித்து வெளியே வருகின்றன. பிளந்த துண்டுகளையும் நியூட்ரான்களையும் சேர்த்து எடை போட முடிந்தால், முதலில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். காணாமல் போன அந்த எடைதான் ஐன்ஸ்டீன் 1905-ல் கண்டறிந்த சமன்பாட்டின்படி ஆற்றலாக மாறுகிறது.

எவ்வளவு எடை காணாமல் போகும்? ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் ஒரு மில்லிகிராம் கூட முழுதாகக் குறையாது. ஆனால் அந்தச் சிறு அளவே சுமார் 22,800 யூனிட் வெப்பத்தைக் கொடுக்கிறது. இங்கே யூனிட் என்பது நம் மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு எத்தனை கிராம்?

ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மானிட்டருடன் சேர்த்து 150 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 5 மணி நேரம் ஓடினால் 750 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட். ஆண்டுக்கு சுமார் 274 யூனிட்.

வெப்பம் முழுவதையும் மின்சாரமாக மாற்ற முடியாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். அப்படிப் பார்த்தால் ஒரு கிராம் யுரேனியம்-235 சுமார் 7,600 யூனிட் மின்சாரம் தரும். உங்கள் கம்ப்யூட்டர் ஓராண்டு ஓட 36 மில்லிகிராம் போதும். ஒன்றிரண்டு அரிசி மணிகளின் எடை. அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்க சுமார் 190 கிலோ எரிக்க வேண்டும். 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ நான்கு மூட்டை!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பூமியில் தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் 100-க்கு 0.7 பங்குதான் இந்த 235 வகை. மற்றதெல்லாம் எளிதில் பிளக்காத 238 வகை. எனவே உலையில் போட வேண்டிய யுரேனியம் இதைவிட அதிகம். அப்படிக் கணக்கிட்டாலும் நிலக்கரிக்குப் பக்கத்தில் கூட வராது.

செயின் மெயிலும் செயின் ரியாக்‌ஷனும்

"இந்தச் செய்தியை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வரும் செயின் மெயில் புதிதாக இ-மெயில் வைத்திருப்பவர்களுக்குக் கண்டிப்பாக வந்திருக்கும். ஒருவர் இருவருக்கு அனுப்புகிறார். அந்த இருவரும் ஆளுக்கு இருவருக்கு அனுப்புகிறார்கள். 1, 2, 4, 8 என்று போய் முப்பதாவது சுற்றில் 107 கோடியைத் தாண்டிவிடும்.

ஒரு யுரேனியம் அணு பிளக்கும்போது வரும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்களைப் பிளப்பதும் இதே கணக்குதான். இதைத் தொடர்வினை என்கிறோம். கட்டுப்பாடின்றி பெருக விட்டால் அது அணுகுண்டு. ஒவ்வொரு பிளவிலிருந்தும் சரியாக ஒரே ஒரு நியூட்ரான் மட்டும் அடுத்த அணுவைப் பிளக்கும்படி மற்றவற்றைத் தடுத்து வைத்தால் அது அணு உலை. செயின் மெயிலை ஒவ்வொருவரும் ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பினால், மெயில் நிற்கவும் செய்யாது, பெருகவும் செய்யாது அல்லவா? அந்தச் சமநிலைக்குத்தான் 'கிரிட்டிகல்' என்று பெயர்.

இந்தச் சொல்லைச் செய்தித்தாளில் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் 'கிரிட்டிகல்' என்றால் ஆபத்தான நிலை. அணு உலையில் 'கிரிட்டிகல்' என்றால் உலை இயங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். கல்பாக்கத்தின் முதல் அணுமின் உலை 1983 ஜூலையில் கிரிட்டிகல் ஆனது. கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13 அன்று ஆனது.

கல்பாக்கமும் கூடங்குளமும்

அணுமின் நிலையத்தில் மின்சாரம் நேரடியாக அணுவிலிருந்து வருவதில்லை. அணு பிளக்கும்போது வரும் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி, ஜெனரேட்டரில் மின்சாரம் எடுக்கிறார்கள். அனல்மின் நிலையத்திலும் இதுதான் நடக்கிறது. அடுப்பு மட்டும்தான் வேறு.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் 1984-லும் 1986-லும் மின் உற்பத்திக்கு வந்தன. ஒவ்வொன்றும் 220 மெகாவாட் திறன் கொண்டது. முதல் உலை 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இவை செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில் இயங்கக் கூடியவை. நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்தால்தான் யுரேனியம்-235 நன்றாகப் பிளக்கும். அந்த வேலையை இங்கே கனநீர் செய்கிறது. கனநீர் என்பது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் சேர்ந்த தண்ணீர். உலையை அவசரமாக நிறுத்த வேண்டுமானால், கல்பாக்கத்தில் உலைக்கலனில் இருக்கும் கனநீரைக் கீழே உள்ள தொட்டிக்கு வடித்து விடுகிறார்கள். வேகம் குறையாத நியூட்ரான்களால் தொடர்வினையை நடத்த முடியாது. பிளவு உடனே நின்றுவிடும்.

கூடங்குளத்துக்கான ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் கையெழுத்திட்டார்கள். இங்கே உள்ளவை ரஷ்யத் தொழில்நுட்பத்தில் அமைந்த 1000 மெகாவாட் உலைகள். முதல் உலை 2014 டிசம்பரிலும், இரண்டாவது 2017 மார்ச்சிலும் வணிகரீதியான மின் உற்பத்தியைத் தொடங்கின. இதில் யுரேனியம்-235-ன் பங்கைச் சில சதவீதம் வரை உயர்த்திய எரிபொருள் பயன்படுகிறது. இங்கே உலையை நிறுத்த, நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகள் மேலிருந்து தம் எடையாலேயே கீழே விழும். மின்சாரம் நின்றாலும் விழும்.

கூடங்குளம் உலை ஒன்று உண்டாக்கும் வெப்பம் 3000 மெகாவாட். அதில் 1000 மின்சாரமாகிறது. மீதி 2000 மெகாவாட் வெப்பத்தைக் கடல் நீரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இரண்டு நிலையங்களும் ஏன் கடற்கரையில் இருக்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது. அணுகுண்டில் பொதுவாக 90 சதவீத அளவுக்குச் செறிவூட்டிய யுரேனியமோ புளுட்டோனியமோ வேண்டும். அதையும் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்குள் ஒன்றாக அழுத்திச் சேர்க்க வேண்டும். கல்பாக்கத்தின் எரிபொருளில் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். அதைக் கொண்டு குண்டைப் போன்ற வெடிப்பு நிகழாது.

ஆனால் வெடிக்காது என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி.

ஷட் டவுன் என்றால் முடிந்துவிட்டதா?

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தால் விசிறி நின்றுவிடும். பிராசஸர் சில நிமிடங்களில் ஆறிவிடும். கேஸ் அடுப்பை அணைத்தால் நெருப்பு உடனே போய்விடும். நிலக்கரி போடுவதை நிறுத்தினால் கொதிகலனும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

அணு உலை அப்படி இல்லை. தொடர்வினையை நிறுத்திய பிறகும் சூடு வந்துகொண்டே இருக்கும். காரணம், யுரேனியம் பிளந்து உண்டான சிறிய அணுக்கருக்கள் நிலையற்றவை. அவை கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே படிப்படியாகத்தான் அடங்கும். அதில் வரும் சூட்டைச் 'சிதைவு வெப்பம்' என்கிறார்கள். இதை எந்த ஸ்விட்ச்சாலும் நிறுத்த முடியாது. இயற்கையே எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

எவ்வளவு சூடு என்பதை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வே, விக்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1940-களில் தந்த ஒரு தோராயமான சூத்திரம் இருக்கிறது. எக்செல் அல்லது அது போன்ற எந்த ஸ்பிரெட்ஷீட் புரோகிராமையும் திறந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் கீழே உள்ளதை அப்படியே டைப் செய்து என்டர் கீயை அழுத்தவும்.

=3000*0.066*(3600^-0.2-(3600+31536000)^-0.2)

விடை சுமார் 32 என்று வரும். அதாவது, 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலை ஓராண்டு முழுத் திறனில் ஓடிவிட்டு நிறுத்தப்பட்டால், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தும் 32 மெகாவாட் சூடு வந்துகொண்டிருக்கும். சூத்திரத்தில் இரண்டு இடங்களில் வரும் 3600 என்பது ஒரு மணி நேரத்தில் உள்ள நொடிகள். 31536000 என்பது ஓராண்டில் உள்ள நொடிகள். 3600-ஐ இரண்டு இடங்களிலும் மாற்றினால் வேறு நேரங்களுக்கும் விடை கிடைக்கும். எனக்குக் கிடைத்தவை இவை:

நிறுத்திய 1 நொடியில்: 192 மெகாவாட்
1 மணி நேரத்தில்: 32 மெகாவாட்
1 நாளில் (86400 நொடி): 14 மெகாவாட்
1 வாரத்தில் (604800 நொடி): 7.6 மெகாவாட்
1 மாதத்தில் (2592000 நொடி): 4.2 மெகாவாட்
1 ஆண்டில் (31536000 நொடி): 0.8 மெகாவாட்

14 மெகாவாட் என்றால் 1000 வாட் மின்கெட்டில்கள் 14,000 ஒரே இடத்தில் இடைவிடாமல் கொதிப்பது போல. நிறுத்தி ஒரு நாள் ஆன பிறகும் இந்த நிலை. இந்தச் சூட்டை வெளியே கொண்டுபோகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் எரிபொருள் உருகிவிடும். உருகினால் உள்ளே அடைபட்டிருக்கும் கதிரியக்கப் பொருட்கள் வெளியே வர வழி ஏற்படும். அணு உலையின் உண்மையான அபாயம் இதுதான்.

தண்ணீரை ஓட வைக்கப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் நிலையத்துக்கே, அது நின்ற பிறகு வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படுகிறது!

யுபிஎஸ் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது யுபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்கியிருப்பீர்கள். கரண்ட் போனால் வேலையைச் சேமித்துவிட்டு முறையாக ஷட் டவுன் செய்யப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் குடியிருப்பின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் இன்னும் நிம்மதி. அணுமின் நிலையத்திலும் இதே மூன்று அடுக்குகள்தான்: வெளியிலிருந்து வரும் கிரிட் மின்சாரம், அது போனால் டீசல் ஜெனரேட்டர்கள், கூடவே பேட்டரிகள். ஆனால் அங்கே தேவை பதினைந்து நிமிடத்துக்கு அல்ல. நாள்கணக்கில், வாரக்கணக்கில்.

2004 டிசம்பர் 26 சுனாமி கல்பாக்கத்தையும் தாக்கியது. அன்று முதல் உலை பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீரை எடுத்து வரும் சுரங்கம் வழியாகப் பம்பு அறையில் நீர் மட்டம் உயர்ந்து பம்புகள் நின்றன. பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்திப் பாதுகாப்பாகக் குளிர்வித்தார்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. ஆய்வுகளுக்குப் பிறகு 2005 ஜனவரி 2 அன்று உலை மீண்டும் இயங்கியது. உலை தப்பியது. ஆனால் அருகே கல்பாக்கம் குடியிருப்பிலும் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலும் பலர் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது வேறு. பூகம்பம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாகவே நின்றன. வெளி மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. இதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்து வந்த சுனாமி, பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பேட்டரிகள் சில நனைந்தன, சில தீர்ந்தன. நிறுத்தப்பட்ட உலைகள்தான் உருகின. மூன்றும் உருகின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கே நடந்த வெடிப்புகள் கூட அணு வெடிப்புகள் அல்ல. சூடான எரிபொருள் உறையும் நீராவியும் சேர்ந்து உண்டாக்கிய ஹைட்ரஜன் வாயு வெடித்ததுதான்.

சென்னைவாசிகளுக்கு இது புரியாத கதை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை கட்டடங்களில் அடித்தளத்து ஜெனரேட்டர்கள் தண்ணீரில் மூழ்கின! ஜெனரேட்டர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வெள்ளம் வரும் நாளில் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி.

கூடங்குளம் உலைகளில் மின்சாரமே இல்லாமல் சூட்டை வெளியேற்றும் ஓர் அமைப்பு உண்டு. நீராவி தானாக மேலேறி, வெளிக்காற்றால் குளிர்ந்து தண்ணீராகி, தானாகவே கீழே இறங்கும். பம்பு தேவையில்லை. ஒருவேளை எரிபொருள் உருகினாலும் அதைப் பிடித்துக்கொள்ள உலைக்கு அடியில் ஒரு பெரிய கலனும் இருக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆயினும் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் நடத்திய நீண்ட போராட்டத்தில் எழுந்த கேள்விகள் தவறானவை அல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் அணைத்தாலும் அணையாத ஓர் அடுப்பு வந்தால் யாருமே கேட்கக் கூடியவைதான் அவை. உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று நிலையத்தை இயக்க அனுமதித்தபோதும் பல நிபந்தனைகளை விதித்தே அனுமதித்தது.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ய முடியுமா?

ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அங்கேயும் காலி செய்தால் போய்விடும். பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளும் உலையிலிருந்து வெளியே வந்து ஒரு 'பின்'னுக்குப் போகிறது. அது ஆழமான தண்ணீர்த் தொட்டி. மேலே நாம் போட்ட கணக்கில் ஓராண்டு கழித்தும் சூடு இருந்தது அல்லவா? அதனால்தான் பல ஆண்டுகள் தண்ணீருக்குள் வைத்து ஆற வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் 'பின்'னைக் காலி செய்யும் கட்டளை கிடையாது. அதிலிருக்கும் சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய சுமார் 24,100 ஆண்டுகள்.

இந்தியா இதை முழுவதும் கழிவாகக் கருதுவதில்லை. கல்பாக்கத்தில் உள்ள மறுசுத்திகரிப்பு ஆலையில் பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அதை எரிபொருளாகக் கொண்ட 500 மெகாவாட் வேக ஈனுலை கல்பாக்கத்திலேயே கட்டப்பட்டது. அதன் உலைக்குள் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த கட்டமாக, நம் கடற்கரை மணலில் கிடைக்கும் தோரியத்தைப் பயன்படுத்துவது நெடுநாள் திட்டம். தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233-ல் இயங்கும் 'காமினி' என்ற சிறிய ஆய்வு உலை 1996-ல் கல்பாக்கத்தில் கிரிட்டிகல் ஆனது. எந்த வழியில் போனாலும் கடைசியில் மிஞ்சும் கழிவைப் பல தலைமுறைகள் காவல் காக்க வேண்டும் என்பது மாறாது.

கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

சாஃப்ட்வேர் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அணு உலைகளில் இருக்கும் 'மூன்றில் இரண்டு' என்ற விதி. முக்கியமான ஒவ்வோர் அளவையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கருவிகள் தனித்தனியே அளக்கின்றன. ஏதாவது இரண்டு 'ஆபத்து' என்றால் உலை நின்றுவிடும். ஒரு கருவி பழுதாகித் தவறாகச் சொன்னாலும் தேவையில்லாமல் நிற்காது. ஒன்று பழுதாகிச் சும்மா இருந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். முக்கியமான ஃபைலுக்கு ஒரே ஒரு பேக்கப் மட்டும் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளலாம்!

கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் வைரஸும் வரும். 2003 ஜனவரியில் 'ஸ்லாமர்' என்ற வோர்ம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் நெட்வொர்க்குக்குள் புகுந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலிழந்தது. அப்போது அந்த உலை ஓடவில்லை என்பதால் பாதிப்பு இல்லை. ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போன ஓர் இணைப்பு வழியாக அது நுழைந்தது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. யாரும் போடவில்லை!

2010-ல் கண்டறியப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்', ஈரானின் நதான்ஸில் யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களைக் குறிவைத்தது. அந்த இடம் இண்டர்நெட்டோடு இணைக்கப்படாதது. ஆனால் ஸ்டக்ஸ்நெட் பென் டிரைவ் வழியாகப் பரவக் கூடியது.

2019-ல் நம் கூடங்குளத்தின் முறை வந்தது. அக்டோபர் 29 அன்று, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்று நிலையத்தின் தரப்பில் அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தன் கம்ப்யூட்டர் ஒன்றில் மால்வேர் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்கான, இண்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர் அது. செப்டம்பர் 4 அன்றே அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இதுபற்றித் தெரிவித்திருந்தது. உலையின் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பு இல்லை என்றது கழகம். இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். உலையைத் தனியாக வைத்தது நல்ல வேலை. ஆனால் முதல் நாள் அறிக்கையிலேயே முழு உண்மையையும் சொல்லியிருந்தால் மக்களின் நம்பிக்கை கூடியிருக்கும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த மூன்று சம்பவங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. அப்டேட் வந்தால் தள்ளிப் போடாமல் உடனே போடவும். யாருடைய பென் டிரைவாக இருந்தாலும் ஸ்கேன் செய்யாமல் திறக்க வேண்டாம். முக்கியமான தகவல்களின் பேக்கப்பை இண்டர்நெட்டில் சேராத தனி ஹார்டு டிஸ்க்கில் வைக்கவும்.

இனி என்ன கேட்க வேண்டும்?

அணுசக்தி வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. அரிசி மணி அளவு எரிபொருளில் ஓராண்டு கம்ப்யூட்டர் ஓடுவதும் அணுசக்தியின் இயல்பு. நிறுத்திய பிறகும் சூடு தணியாததும் அதே சக்தியின் இயல்பு. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை மறந்துவிட முடியாது.

இனி செய்தியில் 'அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது' என்று படித்தால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பின் அதைக் குளிர்விக்க எத்தனை வழிகள் உள்ளன, அவற்றில் மின்சாரம் இல்லாமல் நடப்பது எது, ஜெனரேட்டர்கள் எந்த உயரத்தில் உள்ளன, பழைய எரிபொருள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வெடிக்குமா என்று கேட்பவரைவிட இந்த நான்கையும் கேட்பவருக்குத்தான் அணு உலையைப் பற்றிச் சரியாகத் தெரியும். கேள்விகள் உங்கள் கையில் இருக்கின்றன. தேடுவதற்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களே!